கையைத் தூக்கினால் கோல்

பெனால்டி என்று நடுவர் கையைக் காட்டிய அடுத்த நொடி, பயிற்சியாளர் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

பதினெட்டு வருடமாக அப்படித்தான்.

கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகச் சேர்ந்த முதல் வருடம், ஒரே ஒரு பெனால்டியை நேருக்கு நேர் பார்த்தார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்து, உதைத்தவள் நெற்றியிலேயே அடித்தது. தன் கண்தான் பட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

அன்றிலிருந்து பெனால்டி என்றால் மைதானத்துக்கு முதுகு, இரண்டு காதிலும் விரல், பார்வை மட்டும் மாற்று ஆட்டக்காரிகள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சின் மேல். பெஞ்ச் குதித்தால் கோல். பெஞ்ச் தலையில் கை வைத்தால் இல்லை. ஒரு வருடம், பெஞ்சின் நடுவில் இருந்தவள் கொட்டாவி விட்டதைப் பார்த்து, எல்லாம் போச்சு என்று உட்கார்ந்து அழுதேவிட்டார். ஜெயித்திருந்தார்கள்.

இன்று பெஞ்சில் பெண்கள் யாருமே இல்லை.

விடுதி முழுக்கக் கண்வலி. கண்ணைத் திறக்க முடிந்த பதினொரு பேரும் மைதானத்துக்குள் இருந்தார்கள். பெஞ்சில் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவலாக அவர் கணவர் மட்டும், அணியின் மஞ்சள் பனியனைத் தொப்பைக்கு மேல் இழுத்து இழுத்து விட்டபடி.

கணவர் பல் மருத்துவர். எப்பேர்ப்பட்ட பல்லைப் பார்த்தாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருந்து இருந்து, அந்த முகமே நிலைத்துவிட்டது. கல்யாணப் போட்டோவிலும் அதே முகம்தான்.

அதில் எதைப் படிப்பது?

ஆட்டம் இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் கடைசி நிமிடத்தில் நின்றது. சமனில் முடிந்தால், புள்ளிக் கணக்கில் எதிர் அணி இறுதிப் போட்டிக்குப் போய்விடும். இந்த வருடமும் இறுதிப் போட்டி இல்லையென்றால், திங்கட்கிழமை முதல் கால்பந்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுச் சதுரங்க அணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் கல்லூரி முதல்வர்.

சதுரங்கம்! பயிற்சியாளரின் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே ‘சங்கு’. அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு சதுரங்க அறையில் ஒரு மனுஷி என்னதான் செய்வார்?

“என்னங்க, உங்க மூஞ்சிய நம்ப முடியாது. நல்லது நடந்தா ரெண்டு கையையும் தூக்குங்க. இல்லேன்னா சும்மா இருங்க.”

“நல்லதுன்னா… யாருக்கு நல்லது?”

“ஐயோ, இப்பப் போயி கேள்வி கேக்குறாரே மனுஷன்! தூக்குங்கன்னா தூக்குங்க!”

காதில் விரலை வைத்துக்கொண்டார்.

உதைக்கப்போவது ‘ஏணி’. அணியிலேயே நெட்டைப் பெண். அவள் ஓடி வருவதும், கால் பந்தில் படுவதும், கணவரின் மூக்குக்கண்ணாடியில் எறும்பு அளவுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து பயிற்சியாளர் அவருடைய கைகளை மட்டும் பார்த்தார்.

முதலில் வலது கை எழுந்தது. பிறகு இடது கை.

பிறகு அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில், தன் கணவருக்கு இத்தனை பல் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தார். ஒரே திருப்பு. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, சங்கு ஊதுகிற மாதிரி கத்திக்கொண்டு, கோல் கம்பத்தை நோக்கி ஓடினார். கழுத்தில் விசில் முதுகுப்பக்கம் பறந்தது.

“மேடம், எங்க மேடம் ஓடுறீங்க? எல்லாம் போச்சு மேடம்!” என்று அணித்தலைவி புல்லில் படுத்தபடியே கூவினாள்.

அவர் போட்ட சத்தத்தில் அவருக்கே அது கேட்கவில்லை.

பெனால்டி புள்ளியில் ஏணி பனியனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான், கோல் விழவில்லை என்று அவருக்குப் புரிந்தது. அதற்குள் கால்கள் அவளைத் தாண்டிவிட்டன.

கோல் வாசலில் எதிர் அணியின் கோல்கீப்பர், பந்தை வயிற்றோடு கட்டிக்கொண்டு கிடந்தாள். ஆட்டம் முடிந்த விசிலும் ஊதியாகிவிட்டது. தலையைத் தூக்கினாள். கைகளை விரித்துக்கொண்டு வருகிறவரைப் பார்த்தாள். பந்தைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி வந்தாள்.

“அம்மா!”

மூன்று வருடத்துக்கு முன்னால், அணிக்கு ஆள் எடுத்த அன்று, “பந்து வந்தா கண்ண மூடுற பொண்ணெல்லாம் கோல்கீப்பரா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டு, சொந்த மகளை வரிசையிலிருந்து வெளியே அனுப்பியவர் இவர்தான். மகள் மறுவாரமே வேறு கல்லூரியில் சேர்ந்தாள். அதன் பிறகு வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் துண்டு எங்கே, சாவி எங்கே என்பதற்கு மேல் பேச்சில்லை.

“எனக்காகவா ஓடி வந்தே? நீயாம்மா?”

பயிற்சியாளர் வாயைத் திறந்தார். முதுகுக்குப் பின்னால் மஞ்சள் பனியன்கள் எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அதற்கும் பின்னால் திங்கட்கிழமை இருந்தது.

விரித்த கைகளை இறக்க வேறு இடம் இல்லாததால், அவை மகளைச் சுற்றி இறங்கின. இறங்கிய பிறகு எடுக்க மனம் வரவில்லை.

“கண்ண மூடலம்மா. பாத்தியா?”

“பாத்தேன்டி.”

“எந்தப் பக்கம் பாஞ்சேன்? சொல்லு பாப்போம்.”

பயிற்சியாளர் மகளை விடாமலே தலையை மட்டும் திருப்பிப் பெஞ்சைப் பார்த்தார்.

கணவரின் கைகள் இன்னும் மேலேயே இருந்தன. வாயைத் திறந்துகொண்டு பேச முடியாமல் கிடப்பவர்களைக் கண்ணிலேயே படித்துப் பழகியவர் அவர். மெதுவாக வலது கையை மட்டும் இறக்கினார்; இடது கை மேலேயே நின்றது.

“இடது பக்கம்,” என்றார் பயிற்சியாளர், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத குரலில்.