பத்தொன்பதாவது கார்டு

எடிட்டர் ஃபெர்கஸ் படத்தை வெட்டி முடித்து அனுப்பிய பட்டியலில் 412 ஷாட்டுகள் இருந்தன. வெலிங்டன் ஸ்டூடியோவில் ஹினேவாய், ஒவ்வொன்றுக்கும் மூலக் கோப்பைத் தேடும் கட்டளையைத் தட்டினாள். 411 கிடைத்தன என்றது திரை. கிடைக்காதது பத்தொன்பதாவது மெமரி கார்டில் இருந்தது.

அந்தக் கார்டு கரைக்கு வரவே இல்லை. அது கேமராவில் இருந்தபோதுதான் ஒளிப்பதிவாளர் ராவிரி படகிலிருந்து கடலில் விழுந்தான். கேமராவும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை. அவனுடைய உதவியாளராகப் போயிருந்த ஹினேவாய், தான் அப்போது படகின் கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்ததாகப் போலீசிடம் சொல்லியிருந்தாள்.

நேரில் பார்த்தே இராத ஃபெர்கஸுக்கு ஃபோன் போட்டாள்.

"இல்லாத ஷாட்டை நான் எப்படி படத்துல சேர்ப்பேன், ஹினே? நீ குடுத்த டிஸ்க்குலதான் இருந்துச்சு. திரும்பத் தேடிப் பாரு."

மறுபடி தட்டினாள். 412 கிடைத்தன.

கோப்பைத் திறந்தாள். தண்ணீர் மட்டத்திலிருந்து எடுத்த காட்சி. படகு விலகிப் போய்க்கொண்டிருந்தது. மேல்தளத்தில் ஹினேவாய் கேமராவையே பார்த்தபடி நின்றிருந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. கையிலிருந்த மிதவையை எறியவும் இல்லை.

"கிடைச்சுதா?" என்றான் ஃபெர்கஸ். "நாலே செகண்டுதான். ஆனா படத்துலயே நல்ல ஷாட் அதான். யாரு அந்தப் பொண்ணு?"

நாலு வினாடி எப்போதோ முடிந்திருந்தது, காட்சி நிற்கவில்லை. படகு மறைந்ததும் கேமரா மெல்லக் கரைப்பக்கம் திரும்பியது. தூரத்தில் வெலிங்டன் துறைமுகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது.