இடக்காலின் காலுறை

ஜெர்மனியின் ரோசன்ஹைமில் சனிக்கிழமை காலை நடக்கும் பவேரியப் பின்னல் வகுப்புக்கு, பிரபாலினி ஒரு காலுறைக்கு வேண்டிய நூலை மட்டும் வாங்கினாள். கணவர் குணசேகரத்துக்கு வலக்கால் மட்டும்தான். இடக்கால் முள்ளிவாய்க்கால் கடற்கரையில், ஷெல் விழுந்த அன்றைக்கே, நின்றுவிட்டது.

இந்தப் பின்னலில் ஒவ்வொரு கண்ணியையும் முறுக்கித்தான் எடுக்க வேண்டும். கெண்டைக்காலில் ஏறும் கொடி இரண்டு கால்களுக்கும் எதிரெதிர்ப் பக்கம் சாயும். பின்னல் கோலம் குறித்த கட்டத்தாளை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லித்தான் இருந்தார். பிரபாலினி தமிழ் வாசிக்கிற பழக்கத்தில் இடமிருந்து வாசித்துவிட்டாள். ஏழு வாரத்தில் அவள் பின்னி முடித்தது இடக்காலின் காலுறையாக இருந்தது.

"பிரிச்சுப்போட்டுத் திரும்பப் பின்னுறன்," என்றாள்.

"வேண்டாம், இருக்கட்டும்," என்றார் குணசேகரம்.

அவள் அதை மடித்து அலுமாரியில் வைத்தாள். இல்லாத கால் குளிருது என்று காலைதோறும் சொல்கிறவர், அன்றிலிருந்து சொல்லவில்லை.

மார்ச் மாதம் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது பிரபாலினி காலுறையை எடுத்தாள். குதிப்பக்கம் தேய்ந்து, பிடித்த விரல் நூலுக்கூடாகத் தெரிந்தது. உள்ளே கையை விட்டாள். விரல் நுனியில் மணல் ஒட்டியது. யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் மணலை உதறி, காலுறையைத் தண்ணீரில் நனைத்தாள்.

கூடத்திலிருந்து குணசேகரம் கூப்பிட்டார்.

"அதைக் கெதியாக் காயவையும். கால் குளிருது."