மருதத்தின் பிரிண்டர்

ஒரு கல்லூரி அலுவலகத்தில் மருதம் என்ற விண்டோஸ் கணினியும் ஒரு பிரிண்டரும் ஆறு வருடமாக ஒரே மேஜையில் இருந்தன. பிறகு பக்கத்து அறைக்கு நெய்தல் என்ற யூனிக்ஸ் கணினி வந்தது. எழுத்தர் ஜெசிந்தா இரண்டையும் நெட்வொர்க்கில் இணைத்து, "இனி பிரிண்டர் ரெண்டு பேருக்கும் பொது" என்றார். நெய்தல் எதை அச்சிடுவதானாலும் மருதம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும்.

நெய்தலின் முதல் பக்கம் வெளியே வந்ததுமே மருதத்துக்கு வயிறு எரிந்தது.

"எனக்கு ஒருநாளாவது இவ்வளவு பளிச்சுன்னு அடிச்சிருக்கியா?" என்று பிரிண்டரிடம் கேட்டது.

"அதே மைதான் அக்கா" என்றது பிரிண்டர்.

தேர்வுக்கு முந்தைய நாள் காலையில் நெய்தல் நானூறு ஹால் டிக்கெட்டுகளை அனுப்பியது. வெளியே மாணவர்கள் வரிசையில் நின்றார்கள்.

"நீ யாரு? உன் பேரு என் பட்டியல்ல இல்லையே" என்று மருதம் திருப்பி அனுப்பிவிட்டது.

"நேத்துகூடப் பேசினோமே அக்கா! பசங்க வெயில்ல நிக்கிறாங்க" என்று நெய்தல் கெஞ்சியது. மருதம் அசையவில்லை.

பதறி ஓடிவந்த ஜெசிந்தாவுக்குக் காரணம் பிடிபடவில்லை. பிரிண்டரையே தூக்கிக்கொண்டுபோய் நெய்தலோடு மாட்டினார். மதியத்துக்குள் நானூறும் அச்சாகிவிட்டன.

மாலையில் மருதத்திடம் முதல்வரின் கடிதம் ஒன்று அச்சிட வந்தது. வேறு வழியில்லாமல் அது நெய்தலைக் கூப்பிட்டது. என்னென்ன பேச்சுக் கேட்க வேண்டியிருக்குமோ என்று கூசியது.

"அனுப்புங்க அக்கா. என் பட்டியல்ல உங்க பேரைத்தான் முதல்ல எழுதி வெச்சிருக்கேன்" என்றது நெய்தல்.

பக்கத்து அறையில் கடிதம் அச்சாகும் சத்தம் கேட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டது மருதம்.