மூன்றாம் மாடிக்கு ஒரு பீரோ

பீரோ இரண்டாவது வளைவில் மாட்டிக்கொண்டது.

மேலே டிரைவர், கீழே வாத்தியார், நடுவில் சுவரோடு சுவராக நர்ஸ். கீழ்வீட்டிலிருந்து மூன்றாம் மாடிக்குக் குடிமாறும் தையல்காரம்மா, படியடியில் நின்று மூன்று பேருக்கும் மூன்று விதமாக வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் சும்மா இரும்மா, மூச்சு விட்டுக்கறோம்" என்றார் டிரைவர்.

வாத்தியாருக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் பிடி நழுவும். பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. போன வருஷம்வரை இந்நேரம் அவர் சர்ச்சில் இருந்திருப்பார்.

நம்பிக்கை போன பிறகும் கொஞ்ச காலம் போய்க்கொண்டுதான் இருந்தார். பிறகு வாய் கூசியது. நின்றுவிட்டார். இருந்த வீட்டையும் விட்டுவிட்டு, இந்தக் கட்டடத்தில் ஒற்றை அறைக்கு வந்தார்.

நாள் தவறாமல் அவர் வாசலில் வந்து நின்ற சர்ச்சுக்காரர்கள், இப்போது தெருவில் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்கள். கடவுள் இல்லாமல்கூட இருந்துவிட முடிந்தது. ஞாயிற்றுக்கிழமையை ஓட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போன ஒரு நாள், இந்த மூவரும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைந்தது, கூப்பிட்டார்கள்.

மூவரும் எந்தக் கோயிலுக்கும் போகாதவர்கள். தனக்கும் சாமிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பார் டிரைவர். ஏன் என்று யாரும் யாரையும் துருவியதில்லை.

என்ன வேலை என்று மட்டும் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதாகச் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து வாத்தியார்.

அது பொய். உண்மையைச் சொன்னால் இவர்களும் எழுந்து போய்விடுவார்களோ என்று பயம்.

பீரோவைச் செங்குத்தாக நிமிர்த்தித் திருப்பியதும் சமர்த்தாக வளைவைத் தாண்டியது.

புது வீட்டில் நாற்காலிகூட இன்னும் வந்து சேரவில்லை. தையல்காரம்மா தரையில் செய்தித்தாளை விரித்து ரொட்டியும் ஆம்லெட்டும் வைத்தாள். எல்லோருக்கும் பசி காதை அடைத்தது.

வாய்வரை கொண்டுபோன ரொட்டியை டிரைவர் திரும்பக் கீழே வைத்தார். நர்ஸ் அவரை முழங்கையால் இடித்திருந்தாள்.

மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தையல்காரம்மாதான் தொண்டையைச் செருமினாள். "ஜெபம் ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, பாஸ்டர். இன்னிக்குத்தானே முதல் தடவையா சேர்ந்து சாப்பிடறோம். பழக்கம் உடனே விட்டுப் போயிடாதில்ல."

எப்போதிலிருந்து தெரியும் என்று அவர் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"மொட்டைமாடிக்கு வந்த அன்னிக்கே தெரியும். எங்க அக்கா கல்யாணத்த நடத்தி வச்சதே நீங்கதானே."

டிரைவரும் நர்ஸும் இன்னும் நிமிரவில்லை.

அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறிடப்போகுது, சாப்பிடுங்க" என்றார்.

ரொட்டியை அவரே முதலில் பிட்டு, பாதியை டிரைவரிடம் நீட்டினார்.