உள்ளூர் விலை

“அடையாள அட்டையைக் காட்டினா பாதி விலை. வெளிநாட்டுக்காரன் மாதிரி எதுக்கு முழுசா அழணும்?” இரட்டைக் கோபுர டிக்கெட் வரிசையில் ரொஸ்லான் கேட்டார்.

“அட்டையை வீட்டுலயே வச்சிட்டேன். முழு விலையை நானே குடுத்துடறேன்,” என்று ஹப்சா பர்ஸைத் திறந்தாள். அடுத்த மாதம் அவர்களுக்குக் கல்யாணம், இருவருக்கும் இரண்டாவது.

பர்ஸுக்குள் அட்டை எட்டிப் பார்த்தது.

“இதோ இருக்கே. மறதிக்காரி.” அவள் தடுப்பதற்குள் உருவி நீட்டிவிட்டார்.

கவுன்டர் பெண் அட்டை எண்ணில் பிறந்த தேதியைக் காட்டும் முதல் இலக்கங்களைப் பார்த்து மலர்ந்தாள். “அம்மாவுக்கு அறுபத்திரண்டு. மூத்தவங்க சலுகை இருக்கு, இன்னும் குறையும்.”

ரொஸ்லானிடம் தன் வயது ஐம்பத்து மூன்று என்று சொல்லியிருந்த ஹப்சா தலை நிமிரவில்லை.

நீட்டிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது ரொஸ்லானுக்கு.

“அது இவங்க அக்கா அட்டைம்மா,” என்று திரும்ப வாங்கிக்கொண்டார். “முழு விலைக்கே ரெண்டு குடு.”