வாசலில் நல்லாப் பாருங்க

உங்கள் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது என்று கைபேசியில் செய்தி வந்தது.

அவர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

எதிர்வீட்டு நாய். கொடியில் யாருடையதோ வேட்டி. வெயில்.

ஆம்புலன்ஸ் இல்லை.

உள்ளே கூடத்துத் தரையில் அவர் மனைவி பூங்கோதை. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை அவள் கையாகவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் அவள் தலையை மடியில் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அது அவருடைய கம்பெனி வண்டிதான். இருநூற்று நாற்பது வண்டிகள். முதலாளி வேறு ஆள்; ஓடவைப்பவர் இவர்.

ஆஸ்பத்திரிகளோடு ஒப்பந்தம் பேசியதும் இவரே. இருபது நிமிஷத்தில் வண்டி வந்தால் போதும் என்றார்கள் அவர்கள். போட்டிக் கம்பெனிக்காரன் பதினைந்து என்றான். இவர் காப்பியை ஆற்றிக்கொண்டே பன்னிரண்டு என்றார்.

பன்னிரண்டில் வராது என்று அவருக்குத் தெரியும். சரக்கு குறைந்தால் தராசுக்கு விரல் கொஞ்சம் ஒத்தாசை செய்யத்தான் வேண்டும்.

டிரைவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ரயில்வே கேட் கண்ணில் பட்டதும் 'வந்தாயிற்று' பொத்தானை அமுக்கிவிட வேண்டும். ஐந்து நிமிஷம் விட்டு 'ஏற்றியாயிற்று'. அப்புறம் 'சேர்த்தாயிற்று'. ஒவ்வொரு பொத்தானுக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்தி போகும். மூன்றையும் எழுதியது அவர்தான்.

போன் எடுக்கும் பெண்களுக்கும் ஒரு விதி. பொத்தான் அமுக்கியபின் வண்டி வழியில் இருக்கிறது என்று சொல்லவே கூடாது. எஸ்தர் என்ற பெண் ஒருமுறை யாரோ ஒரு பெரியவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். எல்லோர் முன்னாலும் அவளை நிற்கவைத்து, சொல்லியிருக்க வேண்டிய வாக்கியத்தை இருபது தடவை சொல்லவைத்தார்.

இப்போது அவர் அழைத்ததும் எடுத்தது அவள்தான்.

"வண்டி வந்திருச்சுங்க சார். வாசல்ல நல்லாப் பாருங்க."

நான்தான் பேசுகிறேன் எஸ்தர் என்றார்.



"தெரியுதுங்க சார். பேசறது பதிவாகுதுங்க."

ரயில்வே கேட் சாத்தியிருக்கிறதா, அதை மட்டும் சொல்லச் சொன்னார். சாத்தியிருந்தால் ஒரு நொடிகூடக் காக்க வேண்டாம். ஆஸ்பத்திரி இருப்பது ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்தான். தன் காரிலேயே போய்விடலாம். அவளை அம்மா என்றுகூடக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"வாசல்ல நல்லாப் பாருங்க சார்."

பார்த்தார்.

நாய் எழுந்து, சோம்பல் முறித்து, மறுபடி படுத்தது.

கைபேசி அதிர்ந்தது. நோயாளி வண்டியில் ஏற்றப்பட்டார்.

அவர் கார்ச்சாவியை எடுக்க ஓடினார்.

பூங்கோதையின் காலைப் பக்கத்து வீட்டுப் பெண் பிடித்தாள், தோளை அவர் பிடித்தார். இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளியை அவர் தூக்கியதில்லை. இவ்வளவு கனக்கும் என்று தெரியாது. பின்சீட்டில் கிடத்துவதற்குள் புடவை கதவில் சிக்கிக் கிழிந்தது.

முதல் திருப்பத்தில் பின்னாலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் வந்தது.

"அண்ணா, அக்கா கை சில்லுன்னு இருக்குதுங்க."

பக்கத்து இருக்கையில் கைபேசி மூன்றாம் முறை அதிர்ந்தது.

அவர் அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, கண்ணாடியில் பின்சீட்டை நல்லாப் பார்த்தார்.