அசல் பேட்டரி

பெட்டி இருந்தது, மூடி இருந்தது, ஆறு ஸ்குரூவும் இருந்தன. முடுக்கத்தான் ஒன்றும் இல்லை.

பெட்டி கொண்டுவந்த ஆட்கள் ஸ்குரூ டிரைவரை முந்தைய சாவு வீட்டிலேயே மறந்துவிட்டு வந்து, இப்போது ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அப்பாவோட டிரில் மெஷின் ஸ்தோர்ல இருக்கும்லா. எடுத்துட்டு வாம்மா, சீக்கிரம்,” என்றான் மகன் பத்துமலை.

நவமணி எழுந்தாள். அவள் கணவர் மாயாண்டி நடுவீட்டில் அந்தப் பெட்டிக்குள் மாலையோடு படுத்திருந்தார்.

அன்று செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் மூடித் தூக்கிவிட வேண்டும் என்று காலையிலிருந்து பத்துமலை எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தான்.

ராகு காலமெல்லாம் சாக்கு. உண்மைக் காரணம் காம்பாரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது.

பாப்பா, இளையவள். சீனப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய் நாலு வருஷமாகிறது. வாசப்படி மிதிக்கக் கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். பக்கத்து வீட்டுச் செல்லாயியிடம் சொல்லி, நவமணிதான் ரகசியமாகப் போன் போட வைத்தாள். அது எப்படியோ பத்துமலை காதுக்கும் எட்டிவிட்டது. பிள்ளை வந்து அப்பன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நவமணிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒருமுறை வாய் திறந்து கேட்டும் பார்த்தாள். “பாப்பா வந்துரட்டுமேய்யா.”

“எந்தப் பாப்பா?”

அதற்குமேல் பேச அவளுக்கு வாய் ஏது? இந்த வாடகை வீடு மாத முடிவோடு சரி. பெர்ச்சாமில் மகன் வீட்டுப் பின்னறையை ஒழித்து வைத்துவிட்டதாக மருமகள் காலையில் வந்ததுமே சொல்லிவிட்டாள். ஜன்னல் இல்லாத அறை. இனி அவன் போடுகிற சோறு, அவன் சொல்கிற பேச்சு.

ஸ்தோர் அறையில் மெஷின் பலகைமேல் இருந்தது.

மாயாண்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்தை விற்றுவிட்டதும் ஈப்போவுக்கு வந்து, புது வீடுகளுக்கு ஜன்னல் கம்பி மாட்டும் வேலையில் சேர்ந்தார். மற்ற ஆயுதமெல்லாம் முதலாளியின் லாரியிலேயே கிடக்கும். ஒயர் இல்லாத இந்த ஜப்பான் மெஷின் மட்டும் குழந்தைபோல அவரோடு வீட்டுக்கு வந்துவிடும். அதற்குச் சார்ஜ் போடுவது நவமணியின் வேலை. சோறு வைக்க மறந்தாலும் அவர் கோபித்ததில்லை, சார்ஜ் போட மறந்தால் வீடு ரெண்டாகிவிடும்.

பக்கத்தில் இரண்டு பேட்டரிகள். மெஷினோடு வந்தது அசல். இன்னொன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி ஏமாந்தது, புலிப்பட ஸ்டிக்கர் ஒட்டியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அசல் பொழுதெல்லாம் உழைக்கும். புலி இரண்டு மூன்று ஸ்குரூவுக்கு உறுமிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

“மாட்டுறதுக்கு எந்தப் பேட்டரியும் போதும்டி. கழட்டுறப்பதான் அசலோட அரும தெரியும்,” என்பார் மாயாண்டி.

“அம்மா!” வெளியிலிருந்து மகனின் குரல்.

நவமணி புலியை எடுத்து மெஷினில் சொருகினாள்.

முதல் ஸ்குரூ சத்தமாக இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதில் மெஷின் முனகியது, இழுத்தது, நின்றேவிட்டது.

பத்துமலை அதைத் தட்டினான், உதறினான். யாரோ மோட்டார் சைக்கிளிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அது தட்டை முனை, ஸ்குரூவோ சிலுவைத் தலை.

“இன்னொரு பேட்டரி இருந்திச்சே, எங்கம்மா?”

நவமணி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். பத்துமலை தானே ஸ்தோருக்குள் புகுந்து தேடி, தலையெல்லாம் ஒட்டடையோடு வெறுங்கையாகத் திரும்பினான்.

“அவளப் போட்டு ஏன் படுத்துற? காலையிலேருந்து பச்சத் தண்ணி படல, வயித்தப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா பாவம்,” என்றாள் செல்லாயி.

அப்போதுதான் வாசலில் ஒப்பாரி உயர்ந்தது.

பாப்பா வந்துவிட்டாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. அவள் புருஷன் சாக்கடை ஓரமாகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான், உள்ளே வரத் துணியவில்லை.

பத்துமலை குறுக்கே வந்து நின்றான்.

“மூடியாச்சி. பேட்டரி செத்துப்போச்சி, இனிமே தொறக்க முடியாது. பெட்டியத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போ.”

பாப்பா பெட்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அழக்கூட வரவில்லை அவளுக்கு.

நவமணி எழுந்தாள். தலை நிறைய வைத்துவிட்டிருந்த கடைசிப் பூ தோளில் சரிந்தது. மெஷினை எடுத்துப் புலியை உருவித் தரையில் வைத்தாள். பிறகு சேலை மடிப்புக்குள் கைவிட்டு அசலை வெளியே எடுத்தாள். அது அவள் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

“அம்மா, மூணு மணியாச்சி! ராகு காலம்!”

ராகு காலத்தில் மூடக் கூடாது என்றுதான் காலையிலிருந்து எல்லாரும் சொன்னார்கள். திறப்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்ப்பக்கம் சுற்ற வைக்கும் பொத்தானை நவமணி தள்ளினாள். பாதி இறங்கி நின்ற ஸ்குரூ சுலபமாக மேலே வந்து, பத்துமலையின் காலடியில் உருண்டது.

“பெர்ச்சாம் ரூம நீயே வச்சிக்கய்யா,” என்றாள் அவள், அடுத்த ஸ்குரூவில் மெஷினை வைத்தபடி.